ஒட்சிசனின் பெயரில் தங்கிவிட்ட பிழை

ஆவர்த்தன அட்டவணையில் எட்டாவதாக இருக்கிற மூலகம் ஒட்சிசன். மூச்சோடு சேர்த்தே நாங்கள் கேட்டு வளர்ந்த சொல் அது. ஆனால் அந்தச் சொல்லின் பொருளுக்கும் மூச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கிரேக்கத்தில் 'ஒக்சிஸ்' என்றால் கூர்மை, புளிப்பு. 'கெனெஸ்' என்றால் பிறப்பிப்பது. ஆக, ஒட்சிசன் என்றால் புளிப்பைப் பிறப்பிப்பது, அமிலத்தை ஆக்குவது. இந்தப் பெயரை வைத்தவர் பிரான்ஸ் நாட்டின் அந்துவான் லவோசியே. எந்த அமிலத்தை எடுத்தாலும் அதற்குள் இந்த மூலகம் இருந்தே ஆகவேண்டும் என்பது அவருடைய முடிவு.

இப்ப எங்களுடைய இரைப்பையைப் பார்ப்பம். அங்கே சுரக்கிறது ஐதரோகுளோரிக் அமிலம். அதன் மூலக்கூறில் ஒரு ஐதரசன் அணு, ஒரு குளோரீன் அணு. அவ்வளவுதான். ஒட்சிசன் துளியும் இல்லை. அப்படியென்றால் பெயர் பிழை. பிழை என்று இருநூறு வருடங்களுக்கு முன்னரே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை. இன்றைக்கும் க.பொ.த. சாதாரண தரப் புத்தகத்தில் அதே பெயரைத்தான் பாடமாக்குகிறோம்.

விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கு இது ஒரு சின்னத் துணுக்குச் செய்தியாக இருக்கலாம். வரலாறு படிக்கிற எங்களுக்கு இதில் வேறொன்று தெரிகிறது. மிகக் கவனமாக வேலைசெய்த ஒரு மனிதர், சரியான சான்றுகளை வைத்துக்கொண்டே எப்படிப் பிழையான முடிவுக்குப் போனார்? அந்தப் பிழையை யார், எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளும் ஆய்வுகூடத்துக்குள் மட்டும் அடங்கிவிடுகிறவை அல்ல.

நாக்கும் நிறமும்

அமிலம் என்ற சொல் புளிப்பைக் குறிக்கிற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. இலத்தீனிலும் அப்படித்தான், 'அசிடுஸ்' என்றால் புளித்தது. எதிர்ப்பக்கத்தில் இருக்கிற 'அல்கலி' அரபுச் சொல். உவர்நிலத்துச் செடிகளை எரித்து எடுத்த சாம்பலின் பெயர் அது. தமிழில் அதற்குக் காரம் என்கிறோம். ஊரில் சவர்க்காரம் என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் கடைசியில் நிற்கிறதும் இந்தக் காரம்தான். எந்த மொழியை எடுத்தாலும் ஒன்று தெளிவு. மனிதர்கள் இந்தப் பொருட்களை முதலில் அறிந்தது நாக்காலும் கையாலும்தான். உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்வி வெகு பின்னால் வந்தது.

நாக்குக்கு அடுத்ததாக வந்தது நிறம். வெள்ளைச் சேட்டில் கறி ஊற்றுப்பட்டு, அந்த மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டால் சட்டென்று சிவக்கும். ஆலாத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதும் அதே காரணத்தால்தான். மஞ்சள் காரத்தைக் கண்டால் நிறம் மாறும். ஐரோப்பாவில் சாயக்காரரும் மருந்து செய்பவர்களும் இப்படியான நிறமாற்றங்களை முன்பே அறிந்திருந்தார்கள். அதை ஒரு ஒழுங்கான சோதனையாக எழுதிவைத்தவர் றொபேட் போயில். 1664இல் வெளிவந்த நிறங்கள் பற்றிய நூலில், வயலட் பூவின் பாணி அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும் என்று அவர் காட்டினார். பாடசாலையில் நாங்கள் தோய்த்துப் பார்த்த பாசிச்சாயத்தாளும் இந்த வம்சம்தான்.

ஆனால் இந்தச் சோதனைகள் எல்லாம் அமிலம் என்ன செய்கிறது என்று மட்டும்தான் சொல்லும். புளிக்கும், நிறத்தை மாற்றும், காரத்தோடு சேர்ந்தால் இரண்டும் தணிந்து உப்பாகும். ஏன் அப்படிச் செய்கிறது என்ற கேள்விக்கு நிறத்தில் பதில் இல்லை. 1754இல் ரூவெல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர், அமிலத்தோடு சேர்ந்து அதற்குத் திண்ம வடிவம் கொடுக்கிற பொருளை 'பேஸ்', அதாவது அடித்தளம் என்று அழைத்தார். நாங்கள் படித்த 'மூலம்' என்ற சொல் அங்கேயிருந்து வருகிறது. அங்கேயும் உப்பு எப்படி உருவாகிறது என்ற விளக்கம்தான் இருந்தது. அமிலத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

பாரிஸின் தராசு

நிறுத்துப் பார்த்தவர் லவோசியே. 1772இல் அவர் கந்தகத்தையும் பொசுபரசையும் எரித்தார். எரிந்தால் பாரம் குறையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் கூடியது. காற்றிலிருந்து ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது. 1774இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுதிரியைப் பிரகாசமாக எரியச் செய்கிற ஒரு வாயுவைப் பிரித்தெடுத்தார். சுவீடனில் மருந்துக்கடையில் வேலைசெய்த கார்ல் ஷீலே அதை அவருக்கு முன்னரே கண்டிருந்தார். அந்த வாயுதான் எரிகிற பொருளோடு சேர்கிறது என்று விளங்கிக்கொண்டவர் லவோசியே.

அடுத்த படிதான் எங்களுக்கு முக்கியம். கந்தகம் எரிந்து வருவதை நீரில் கரைத்தால் அமிலம். பொசுபரசு எரிந்து வருவதை நீரில் கரைத்தால் அமிலம். காபன் எரிந்து வருகிற வாயுவை நீரில் கரைத்தால் மென்மையான அமிலம். நைத்திரிக் அமிலத்திலும் அதே வாயு இருக்கிறது. நாலு அமிலம், நாலிலும் ஒரே பொருள். 1777இல் எழுதிய கட்டுரையில் லவோசியே அந்தப் பொருளுக்கு அமிலமாக்கி என்று பெயர் வைத்தார். 1787இல் அவரும் கீட்டோன் த மோர்வோ, பெர்தொலே, பூர்குருவா ஆகிய மூவரும் சேர்ந்து இரசாயனத்துக்கே புதிய பெயரிடல் முறையை வெளியிட்டபோது, அது ஒட்சிசன் என்ற நிலையான பெயராக உள்ளே போனது.

நாலு சான்றுகளும் சரிதான். அளவுகளும் சரி. பிறகு எங்கே இடறியது? ஒவ்வொரு தடவையும் எரிந்த பொருளை நீரில் கரைத்துத்தான் அமிலம் வந்தது. நீருக்குள் ஐதரசன் இருந்தது. தேடிக்கொண்டிருந்த பொருள் பரிசோதனைக்குள் ஒவ்வொரு தடவையும் வந்துபோயிருக்கிறது, வெறும் கரைப்பான் என்ற வேஷத்தில். நீர் ஒரு சேர்வை என்று லவோசியே தானே 1783இல் அறிவித்தார். அதிலிருக்கிற மற்ற வாயுவுக்கு 'நீரை ஆக்குவது' என்று பொருள்பட ஐதரசன் என்ற பெயரையும் அவரும் நண்பர்களும்தான் வைத்தார்கள். அமிலக் குணத்தை அவர்கள் தேடின இடம் மட்டும் மாறிப்போயிற்று.

இந்த ஆய்வுகூடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். அங்கே மரி ஆன் போல்ஸ், லவோசியேயின் மனைவி, குறிப்பெடுத்தார், படம் வரைந்தார், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தார். 1789இல் வந்த லவோசியேயின் இரசாயனப் பாடநூலுக்கான கருவிப் படங்கள் அவருடைய கைவேலை. அவ்வளவு துல்லியமான தராசுகள் வாங்கப் பணம் எங்கேயிருந்து வந்தது? லவோசியே அரசுக்காக வரி வசூலிக்கும் தனியார் நிறுவனத்தின் பங்காளி. உப்பு வரியும் புகையிலை வரியும் அந்த நிறுவனம் வசூலித்தவைதான். அந்த உப்பு வரியைப் பிரெஞ்சுக் குடியானவர்கள் எவ்வளவு வெறுத்தார்கள் என்பது புரட்சியின் வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். 1794 மே 8ஆம் திகதி மற்ற வரிப் பங்காளிகளோடு சேர்த்து அவருக்கும் தலை வெட்டப்பட்டது. மரி ஆனின் தகப்பனுக்கும் அன்றைக்குத்தான். இரசாயனத்துக்காக அவரை யாரும் கொல்லவில்லை. அதேநேரம் அந்த இரசாயனத்தின் செலவுக்குப் பின்னால் அந்த வரிப்பணமும் இருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

உப்பிலிருந்து வந்த அமிலம்

லவோசியேயின் கொள்கைக்கு முள்ளாக நின்றது கறியுப்பிலிருந்து எடுக்கிற அமிலம். இன்றைக்கு ஐதரோகுளோரிக் அமிலம் என்கிறோம். அப்ப அதன் பெயர் மியூரியாற்றிக் அமிலம், உப்புநீரைக் குறிக்கிற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எவ்வளவு முயன்றாலும் அதிலிருந்து ஒட்சிசனை எடுக்க முடியவில்லை.

லவோசியே என்ன செய்தார்? கொள்கையை ஒத்திவைக்கவில்லை, சான்றை ஒத்திவைத்தார். 1789இன் பாடநூலில் அவர் கொடுத்த மூலகங்களின் பட்டியலில் யாரும் கண்ணால் காணாத மூன்று பெயர்கள் இருக்கின்றன. மியூரியாற்றிக், புளோரிக், போரிக் அமிலங்களின் 'அடிப்படைகள்'. இந்த மூன்று அமிலங்களிலும் ஒட்சிசனோடு ஏதோ ஒரு மூலகம் சேர்ந்திருக்கவேண்டும், பிறகு கண்டுபிடிப்பார்கள் என்று இடம் ஒதுக்கி வைத்தார். பின்னால் போரிக் அமிலத்தில் உண்மையாகவே ஒட்சிசன் இருந்தது. மற்ற இரண்டிலும் இல்லை.

அவருடைய கூட்டாளி பெர்தொலேயே எச்சரிக்கை மணி அடித்தார். புரூசிக் அமிலத்திலும், கூழ்முட்டை நாற்றமடிக்கிற ஐதரசன் சல்பைட்டிலும் அவருக்கு ஒட்சிசன் கிடைக்கவில்லை. இரண்டும் அமிலம்போலத்தான் நடந்துகொண்டன. ஆனால் ஒரு பெரிய கொள்கைக்கு எதிராக வருகிற இரண்டு மூன்று உதாரணங்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுவது எல்லாக் காலத்திலும் நடக்கிற விஷயம்.

மறுப்பு வந்தது இங்கிலாந்திலிருந்து. ஹம்பிரி டேவி, பென்சான்ஸ் என்ற கரையோரச் சிற்றூரில் மரச்சிற்பத் தொழிலாளி ஒருவரின் மகன். 1807இல் அவர் பெரிய மின்கலவடுக்கு ஒன்றால் உருகிய எரிபொற்றாசையும் எரிசோடாவையும் பிரித்து, பொற்றாசியத்தையும் சோடியத்தையும் வெளியே எடுத்தார். காரங்களுக்குள் ஒட்சிசன் இருந்தது! அமிலத்தை ஆக்கும் என்று பெயர் வைக்கப்பட்ட மூலகம், அமிலத்துக்கு எதிரியான காரத்துக்குள் குந்திக்கொண்டிருந்தது.

பிறகு அவர் பச்சை கலந்த மஞ்சள் நிறமான ஒரு வாயுவின் பக்கம் திரும்பினார். 1774இல் ஷீலே மியூரியாற்றிக் அமிலத்திலிருந்து எடுத்த வாயு அது. லவோசியேயின் வழிவந்தவர்கள் அதை அந்த அமிலமும் கூடுதல் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை என்று சொல்லிவந்தார்கள். டேவி அந்த வாயுவுக்குள் கரியை வெண்சூடாகும்வரை சூடாக்கினார். ஒட்சிசன் இருந்திருந்தால் கரி அதைப் பிடித்து காபனீரொட்சைட்டாக மாறியிருக்கவேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. 1810இல் இலண்டன் ரோயல் சொசைட்டியில் டேவி தன் முடிவைச் சொன்னார். இது சேர்வை இல்லை, மூலகம். நிறத்தை வைத்து அதற்குக் குளோரீன் என்று பெயரிட்டார்.

இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று. இதுவரை எவராலும் பிரிக்க முடியாத பொருளைத்தான் மூலகம் என்று கொள்ளவேண்டும், ஊகத்தை வைத்து உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று சொல்லக்கூடாது என்ற விதியை எழுதிவைத்தவரே லவோசியேதான். டேவி அந்த விதியைத்தான் எடுத்து லவோசியேயின் கொள்கையை விழுத்தினார். ஆசானின் முறையைக் காப்பாற்ற ஆசானின் முடிவைக் கைவிடவேண்டி வந்தது. எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவும் இல்லை. அக்காலத்தின் பெரிய பெயரான சுவீடனின் பெர்சீலியஸ் இதை ஏற்க ஏறத்தாழப் பத்து வருடம் எடுத்தார்.

ஐதரசனின் முறை

ஒட்சிசன் இல்லையென்றால் வேறு எது? 1815இல் கேலுசாக் புரூசிக் அமிலத்தைப் பகுத்துப் பார்த்தார். ஐதரசன், காபன், நைதரசன் மட்டும்தான் இருந்தன. எல்லா அமிலத்திலும் கடைசிவரை நின்ற பெயர் ஐதரசன். ஆனால் ஐதரசன் இருக்கிறதெல்லாம் அமிலம் இல்லையே? எண்ணெயிலும் சீனியிலும் இருக்கிறது. 1838இல் ஜேர்மனியின் லீபிக் வரம்பு போட்டார். உலோகம் ஒன்று வந்தால் இடத்தை விட்டுக்கொடுக்கிற ஐதரசன் எதில் இருக்கிறதோ அதுவே அமிலம்.

1884இல் சுவீடனின் உப்சலா பல்கலைக்கழகத்தில் 25 வயது ஸ்வாந்தே அரீனியஸ் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்தார். உப்பு, அமிலம், காரம் எல்லாம் நீரில் கரையும்போது மின்னேற்றமுள்ள துண்டுகளாகப் பிரிகின்றன என்ற எண்ணத்துக்கு விதை அங்கேதான் இருந்தது. பரிசோதகர்களுக்கு அது பிடிக்கவில்லை. பட்டம் கிடைத்தது, ஆனால் அங்கே பல்கலைக்கழக வேலை கிடைக்காத அளவுக்குக் குறைந்த தரத்தில். அவர் ஆய்வேட்டை வெளிநாட்டு அறிஞர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ரீகாவிலிருந்த ஒஸ்வால்ட் அதை வாசித்துவிட்டு நேரே உப்சலாவுக்கே வந்து வேலை தருவதாகச் சொன்னார். 1887இல் கொள்கை முழு வடிவம் பெற்றது. நீரில் ஐதரசன் அயனைத் தருவது அமிலம், ஐதரொட்சைட்டு அயனைத் தருவது மூலம். 1903இல் அதே மனிதருக்கு நோபல் பரிசு. நாங்கள் பாடசாலையில் பாடமாக்கிய வரைவிலக்கணம் அவருடையதுதான்.

அதுவும் முடிவல்ல. அமோனியாவின் மூலக்கூறில் ஐதரொட்சைட்டு இல்லை, ஆனாலும் அது மூலமாக நடக்கிறது. 1923இல் கோப்பன்ஹேகனில் பிரோன்ஸ்ரெட்டும் இங்கிலாந்தில் லவுரியும், ஒருவரோடு ஒருவர் கலந்துபேசாமலே, ஒரே பதிலைச் சொன்னார்கள். புரோத்தனைக் கொடுப்பது அமிலம், வாங்குவது மூலம். இதோடு அமிலம் என்பது ஒரு பொருளின் பிறவிக்குணமாக இருந்தது போய், இரண்டு பொருட்களுக்கு இடையில் நடக்கிற கொடுக்கல் வாங்கலாக மாறிவிட்டது. ஐதரோகுளோரிக் அமிலத்தோடு சேர்ந்தால் நீர் மூலம், அமோனியாவோடு சேர்ந்தால் அதே நீர் அமிலம். யாரோடு நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

அதே 1923இல் அமெரிக்காவின் கில்பேட் லூயிஸ் இன்னும் ஒரு படி போனார். இலத்திரன் சோடியை வாங்குவது அமிலம், கொடுப்பது மூலம் என்றார். ஐதரசன் உள்ளவற்றை மட்டும் அமிலம் என்பது, ஒட்சிசன் உள்ளவற்றை மட்டும் ஒட்சியேற்றும் கருவி என்பதைப் போன்ற குறுகல் என்பது அவருடைய வாதம். பாருங்கோ, அந்தச் சொல்லிலும் பழைய பெயர் நிற்கிறது. சோடியம் குளோரீனில் எரிந்து கறியுப்பாகும்போது சோடியம் ஒட்சியேற்றப்படுகிறது என்று எழுதுகிறோம். அங்கே ஒட்சிசனே இல்லை.

மொழிகளுக்குள் போன பிழை

லவோசியேயின் பெயர் எல்லா மொழிகளுக்கும் ஒரே மாதிரிப் போகவில்லை. ஜேர்மன்காரர் பொருளை எடுத்து 'புளிப்புப் பொருள்' என்று மொழிபெயர்த்தார்கள். ரஷ்யச் சொல்லுக்கும் புளிப்பைப் பிறப்பிப்பது என்றுதான் அர்த்தம். வங்காளத்தில் 'அம்லஜான்'. ஜப்பானில் 1830களில் உடகாவா யோவான் டச்சு வழியாக வந்த இரசாயனத்தைத் தன் மொழிக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கும் அங்கே ஒட்சிசனுக்குப் பெயர் 'சன்சோ', அதாவது அமில மூலகம். உடகாவா எழுதுகிற நேரத்தில் டேவி குளோரீனைப் பற்றி அறிவித்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கொள்கை செத்த பிறகும் அதன் பெயர் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது.

தமிழில் இரண்டு பாதை. ஒன்று பிராணவாயு, பின்னர் வந்த உயிர்வளி. இவை அந்த வாயு எங்களுக்கு என்ன செய்கிறது என்று சொல்கின்றன. அமிலத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் லவோசியேயின் பிழையும் தொற்றவில்லை. அதேநேரம் பிராணன் என்பது சித்த வைத்தியத்தின் தசவாயுக்களில் ஒன்று, வேறொரு அறிவு முறையின் சொல். மற்றது ஒலியை மட்டும் எடுத்துக்கொள்கிற பாதை. யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கேள்வி முன்னரே வந்திருந்தது. 1847இல் இங்கே வந்து மானிப்பாயில் தமிழில் மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் வெளிக்கொண்டுவந்த நூல்களில் 1875இன் இரசாயன நூலும் ஒன்று. அதன் பெயர் 'கெமிஸ்தம்'. துறையின் பெயரையே ஒலிபெயர்த்து, தமிழ் விகுதி ஒட்டி வைத்தார்கள். 1950களில் அரசு வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளின் வழிவந்த ஒட்சிசன், ஐதரசன், நைதரசன் எல்லாம் அந்த வகைதான்.

எது நல்லது என்ற சண்டையை இங்கே தொடங்க நாங்கள் வரவில்லை. ஒலிபெயர்ப்பில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒட்சிசன் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியாது, ஆகவே பிழையும் தெரியாது. ஆனால் அதே காரணத்தால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வாதம், ஒரு தோல்வி, முப்பது வருட இழுபறி இருந்தது என்பதும் தெரியாமல் போகிறது. சொல் வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கிறது.

வகுப்பில் எங்களுக்குக் கிடைத்தவையும் அப்படி விழுந்தவைதான். சாதாரண தரத்தில் ஒரு வரைவிலக்கணம், உயர்தரத்தில் போனால் இன்னொன்று. 'அப்ப முந்திப் படிச்சது பொய்யா?' என்று கேட்டால், 'இப்ப இதைப் பாடமாக்குங்கோ' என்று பதில் வரும். அது பொய் இல்லை. நீரில் கரைகிற பொருட்களுக்கு அரீனியஸ் சொன்னது இன்றைக்கும் வேலைசெய்கிறது. எந்தக் கேள்விக்குப் பதிலாக அது வந்தது, எந்த இடத்தில் போதாமல் போனது என்று சொல்லித்தந்தால் இரண்டு வரைவிலக்கணங்களும் அடுத்தடுத்து நிற்கலாம். அதற்கு இரசாயனப் பாடத்துக்குள் கொஞ்சம் வரலாறு வேண்டும். கலைப்பிரிவுக்குப் போன எங்களுக்குக் கொஞ்சம் இரசாயனமும் வேண்டும். பதினாறு வயதில் ஒரு பக்கக் கதவைச் சாத்திவிட்டு மற்றப் பக்கம் போகச் சொல்கிற முறையில் இரண்டு பக்கமும் இழக்கிறது இதைத்தான்.

இன்னும் பாடசாலையில் இருக்கிற தம்பி, தங்கைமாருக்கு ஒன்று சொல்லலாம். அடுத்த தடவை ஒரு வரைவிலக்கணத்தைக் கொப்பியில் எழுதும்போது ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கோ: இது எந்த ஆண்டு வந்தது, அதற்கு முதல் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதை ஏன் விட்டார்கள்?